முகஞ்சுளிக்கும் பிள்ளையும் மின்சாரப் பானையும்

பள்ளியின் ஆண்டு மலரில் அடுப்படியைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கல்வி, ஒழுக்கம், மொழிப்பற்று ஆகியவற்றைப் பற்றி எழுத அறிஞர் பலர் இருக்கின்றனர். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை ஆண்டுகளிலும், காலை எட்டரை மணி ஆனதும் மேசைமீது தலைசாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். "காலையில் பசியாறினாயா?" என்று கேட்டால், "வேண்டாமென்று சொல்லிவிட்டேன், டீச்சர்" என்பதே அவர்களுள் பலரின் விடையாக இருந்தது. வீட்டில் இல்லாமையால் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தகையோருக்கென 1979ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் துணை உணவுத் திட்டம் பள்ளிகளில் நடைபெற்று வருகின்றது. ஆனால், உணவு இருந்தும் உண்ணாமல் வருகின்ற பிள்ளைக்கு அத்தகைய திட்டம் ஏதும் இல்லை. அதை நம் வீட்டிலேதான் தீட்டியாக வேண்டும். ஆதலின் இக்கட்டுரை அடுப்படியிலிருந்து எழுதப்படுகின்றது.

2019ஆம் ஆண்டில் நாடு தழுவிய உடல்நல ஆய்வு வெளிப்படுத்திய இரண்டு எண்களைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். மலேசியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். 5 முதல் 17 வயது வரையிலானவர்களுள் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். ஒன்று குறைவு, மற்றொன்று மிகுதி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். ஆனால், வகுப்பறையில் நின்றவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியாது. சோற்றையும் கீரையையும் கண்டு முகஞ்சுளிக்கும் பிள்ளை ஒன்றுமே உண்ணாதிருப்பதில்லை. பொட்டலத்து நூடல்ஸை வேகவைக்காமலே நொறுக்கித் தின்கின்றது. இனிப்புப் பானம் குடிக்கின்றது. ஒரு வீட்டில் அப்பிள்ளை மெலிகின்றது, மற்றொரு வீட்டில் பருக்கின்றது. இரு வீட்டுத் தாய்மாரும் சொல்வது ஒன்றே: "என் பிள்ளை எதையும் சாப்பிடமாட்டேன் என்கிறது, டீச்சர்."

இந்தக் கவலையை அறிந்து வாணிகம் செய்வோரும் இருக்கின்றனர். எனக்குத் தெரிந்த ஒரு தாய் செம்பனை ஆலையில் வேலை செய்பவர். அவர் ஒரு நாள் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து, மேசைமீது துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பொருளைக் காட்டினார். அது ஒரு பல்பயன் சமையல் இயந்திரம். தானே நிறுக்கும், நறுக்கும், அரைக்கும், கிளறும், வேகவைக்கும், ஆவியில் அவிக்கும். விற்க வந்தவர், "இதில் காய்கறியைக் கூழாக அரைத்துச் சாறோடு சேர்த்துவிட்டால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது, தட்டு காலியாகிவிடும்" என்று உறுதி கூறியிருக்கின்றார். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த இயந்திரத்தின் விலையோ அப்படிப்பட்ட நான்கு மாதச் சம்பளத்தையும் விழுங்கியது. தவணை முறையில் வாங்கியிருந்தார். ஏழு வயது மகன் அப்பொழுதும் வெள்ளைச் சோற்றில் கிச்சாப் ஊற்றி, பொரித்த முட்டையோடுதான் உண்டுகொண்டிருந்தான். இயந்திரம் பழுதானதன்று, சொன்ன வேலைகளையெல்லாம் அது செய்தது. பிள்ளையின் வாயைத் திறக்கும் வேலையை மட்டும் அதனால் செய்ய இயலவில்லை. முதல் இரண்டு வாரம் அரைத்த காரட்டைச் சாற்றோடு குடித்தவன், மூன்றாம் வாரம் இயந்திரத்தின் மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டான். அதன்பின் தாய் எதைக் கொடுத்தாலும் கரண்டியால் கிண்டிப் பார்த்த பின்னரே உண்கின்றான்.

காய்கறியை ஒளித்துக் கொடுப்பது எனக்கு உடன்பாடானதன்று. அரைத்த காரட்டில் சத்து இல்லை என்று நான் கூறவில்லை. ஆனால், காரட்டை உண்டவன் காரட்டை அறிந்தவனாக வேண்டுமல்லவா? ஒளித்துக் கொடுத்தால் அவன் அதன் நிறத்தை அறியான், கடிக்கும்பொழுது எழும் ஓசையை அறியான். வளர்ந்த பின் அவன் எதை விரும்பி எடுத்து உண்பான்? போதாததற்குத் தாயின் கையை ஐயுறவும் கற்றுக்கொள்கின்றான்.

இனி, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்ற ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். மின்சாரச் சோற்றுப் பானை. ரைஸ் குக்கர் என்றே நாமெல்லாரும் அழைக்கின்றோம். சோறு வடிப்பதற்கு மட்டும் என்று எண்ணி அதன் தகுதியைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். அதுவும் ஒரு பல்பயன் கருவியே. விலையோ அந்தப் பெரிய இயந்திரத்தின் விலையில் ஒரு சிறு துளி.

அதன் வரலாறு சுவையானது. தானே அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் யோஷிதாடா மினாமி என்னும் சிறு தொழிற்சாலை உரிமையாளர். ஆயினும், நாள்தோறும் சோறு வடித்து வடித்துச் சூட்டை அளந்து குறித்தவர் அவருடைய மனைவி புமிகோ. பொறியியல் படித்தவரல்லர், வீட்டைக் கவனித்து வந்த தாய். கொதி வந்தபின் ஏறத்தாழ இருபது நிமிடம் வெந்தால் சோறு பதமாகும் என்பதை அந்த அம்மையார் அடுப்படியிலே கண்டார். முதலில் வந்த பானைக்கு இரட்டைச் சுவர். வெளிப்பானையில் ஒரு குவளை நீர் ஊற்றுவார்கள். அந்நீர் வற்றி முடிய ஏறத்தாழ அதே இருபது நிமிடம் ஆகும்; வற்றியதும் சூடு 100 பாகைக்கு மேல் ஏறும்; ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஒரு தாயின் களைப்பிலிருந்து பிறந்த கருவி என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

இன்று நம்மிடமுள்ள எளிய வகைப் பானையில் வெளிப்பானை நீர் இல்லை. அடியில் நடுவே ஒரு வட்டத் தகடு இருக்கும். அதனுள் ஒரு காந்தம். பானையில் நீர் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. அரிசி நீரையெல்லாம் உறிஞ்சியதும் சூடு சற்றே உயர, காந்தத்தோடு ஒட்டியிருந்த உலோகம் ஒட்டும் தன்மையை இழக்கின்றது, வில் தள்ளுகின்றது, 'டக்' என்று பொத்தான் மேலே எழுகின்றது. மாணவச் செல்வங்களே, அந்த 'டக்' ஓசைக்குள் ஓர் அறிவியல் பாடம் அடங்கியிருக்கின்றது. அடுத்த முறை கேட்கும்பொழுது நினைவுகூருங்கள்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், இரவில் சில மணி நேரமே தோட்டத்து மின்னாக்கியின் உதவியால் விளக்கெரியும். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்டி, சோறும் ஒரு குழம்பும் ஆக்கி, தூக்குச் சட்டியில் தமக்கும் தந்தையாருக்கும் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். எங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. கேட்காததனாலேயே நாங்கள் எல்லாவற்றையும் உண்டோம் என்று இன்றைய முதியோர் பெருமையாகக் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. என் தம்பி கத்தரிக்காயை லயத்துப் பின்புறத்துக் கால்வாயில் எறிவதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கின்றேன். அக்காலத்திலும் முகஞ்சுளிக்கும் பிள்ளைகள் இருந்தனர், பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

நான் தாயானபொழுது எனக்கு ரைஸ் குக்கர் இருந்தது, ஆசிரியர் வேலை இருந்தது, கையில் பிரம்பும் இருந்தது. என் மூத்த மகன் பாகற்காயைத் தொடமாட்டான். கீரையென்றால் வாயிலே அடக்கிக்கொண்டு அரைமணி நேரம் அமர்ந்திருப்பான். ஒரு நாள் பிரம்பைக் காட்டி விழுங்கச் செய்தேன். விழுங்கினான், உடனே வாந்தியெடுத்தான். அவனுக்கு இப்பொழுது நாற்பது வயது நெருங்குகின்றது. இன்றளவும் கீரை உண்பதில்லை. பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான் இவ்விடத்தில் தவறினேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆயினும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

பின்னாளில்தான் இதைப்பற்றி ஆராய்ந்தவர்கள் உள்ளனர் என்று தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் லீயன் பர்ச் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணையாய்வாளரும் 1982ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டனர். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு முன்பின் அறியாத பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகச் சுவைக்கக் கொடுத்தனர். சிலவற்றை இரண்டு முறை, சிலவற்றை ஐந்து, பத்து, பதினைந்து, இருபது முறை வரை கொடுத்தனர். எதை அதிகமுறை சுவைத்தார்களோ அதையே அக்குழந்தைகள் அதிகம் விரும்பினர். 1984ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் நமக்கு வேண்டியது. ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று சில குழந்தைகளுக்குச் சொன்னார்கள், அவர்களும் குடித்தார்கள். ஆனால், அதன்பின் அப்பானத்தின்மீது அவர்களுக்கிருந்த விருப்பம் குறைந்துபோயிற்று. "கீரையைத் தின்றால் ஐஸ்கிரீம் தருகின்றேன்" என்று நாம் கூறும்பொழுது, கீரை ஒரு தண்டனை என்பதை நாமே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகின்றோம். கைப்பேசியைக் காட்டிக்கொண்டே ஊட்டுவதும் எனக்கு இதே வகையாகத் தோன்றுகின்றது. அங்கே வாய் உண்கின்றது, பிள்ளை உண்பதில்லை.

எல்லின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் இதைப் பொறுப்புப் பங்கீடாகவே வகுத்தார். எதை, எப்பொழுது, எங்கே உண்பது என்று முடிவு செய்வது பெற்றோர் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு உண்பது என்று முடிவு செய்வது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கின்றது. என்ன சமைப்பது என்று ஐந்து வயதுப் பிள்ளை கட்டளையிடுகின்றது. இன்னும் எத்தனை கவளம் என்று தாய் எண்ணிக்கொண்டிருக்கின்றார்.

ஒரு பிள்ளைக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குப் பொதுச் சமையல் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் துணிபு. வீட்டில் ஒரே சமையல் இருக்கட்டும். ஆனால், அந்த ஒரே சமையலில் அப்பிள்ளைக்கும் உண்ணத் தெரிந்த ஒன்று இருக்கட்டும். இங்கேதான் அந்தப் பானை நமக்குத் துணைநிற்கின்றது.

முகஞ்சுளிக்கும் பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்தீர்களானால் ஒன்று விளங்கும். அவர்களுள் பலர் கலந்து கிடப்பதைக் கண்டே அஞ்சுகின்றனர். சோற்றின்மேல் குழம்பு ஊற்றி, காயும் மீனும் ஒன்றாகக் கிடந்தால் தட்டைத் தள்ளுகின்றனர். பானையோடு வருகின்ற ஆவித்தட்டு இருக்கின்றதே, பெரும்பாலான வீடுகளில் அது அலமாரியின் உச்சியில் தூசி படிந்து கிடக்கின்றது. அதை எடுத்துக் கழுவுங்கள். கீழே சோறு வேகும்பொழுது மேலே அத்தட்டில் கழுவிய முட்டைகளை முழுதாக வையுங்கள். அல்லது பூசணித் துண்டு, காரட், சோளம், சர்க்கரைவள்ளி வையுங்கள். கொதி வந்தபின், இஞ்சியும் மஞ்சளும் தடவிய கெம்போங் மீனை வைத்தால் கால்மணி நேரத்தில் வெந்துவிடும். முள்ளை நீக்கிக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. இவ்வாறு ஒரே பானையில் மூன்று உணவு ஆயத்தமாகின்றது. ஒன்றோடொன்று கலக்காமல் தட்டில் தனித்தனியே நிற்கின்றது. பெரியவர்களுக்குச் சம்பாலோ மீன் குழம்போ பக்கத்தில் இருக்கட்டும். மிளகாய் சேர்ப்பதற்கு முன்னரே பிள்ளையின் பங்கு எடுக்கப்பட்டுவிட்டது. கிச்சாப்பை ஒரே நாளில் பறிக்கவேண்டாம். ஒரு கரண்டியாக இருந்தது அரைக் கரண்டியாகட்டும்.

காலை வேளைக்குக் கஞ்சியே சிறந்தது. அரைக் குவளை அரிசி, கால் குவளை பாசிப்பருப்பு, இரண்டு பல் பூண்டு, கையளவு பூசணி. பானையோடு வந்த குவளையால் ஆறு குவளை நீர். பானையில் பாதிக்குமேல் நிரம்பக்கூடாது. நிரம்பினால் கஞ்சி பொங்கி வழிந்து மின்கம்பியை நனைக்கும். ஒன்றை மறவாதீர்கள்: கஞ்சியில் நீர் வற்றுவதே இல்லையாதலால் எளிய வகைப் பானையில் பொத்தான் தானாக எழாது. முன்னே சொன்ன காந்தத்தை நினைவுகூர்ந்தால் காரணம் புரியும். முக்கால் மணி நேரம் கழித்து நாமே அணைக்க வேண்டும். அணைப்பதற்குச் சற்றுமுன் ஒரு பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டு மூடினால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். கீரை பிடிக்காத பிள்ளைக்குக் கீரையில்லாப் பகுதியை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரே ஓர் இலையை ஓரத்தில் வையுங்கள். உண்ணச் சொல்லவேண்டாம். நாளையும் ஓர் இலை. மறுநாளும் ஓர் இலை. அந்த அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பத்து முறையும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்தார்கள்; நாமோ மூன்றாம் நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதிவிடுகின்றோம்.

சோற்றோடு நெத்திலி, நறுக்கிய காரட், ஒரு பாண்டான் இலை, சிறிது இஞ்சி சேர்த்து வழக்கமான அளவு நீரில் வேகவைத்தால் மணமான ஒரு சோறு கிடைக்கும். கலந்ததை உண்ணப் பழகிய பிள்ளைக்கு அது ஏற்றது. அதே பானையில் கேக் செய்கின்றவர்களும் உள்ளனர். நானும் முயன்றேன். பொத்தான் நான்கு முறை எழுந்து, நான்கு முறை மீண்டும் அழுத்திய பின்னர் ஒருவாறு வெந்தது. பேரப்பிள்ளைகள் குறை சொல்லவில்லை; நான் இனிச் செய்வதாக இல்லை.

பொத்தான் எழாதவாறு அதன் இடுக்கில் தீக்குச்சியையோ கரண்டியையோ செருகி வைத்துத் தாளிப்பதைச் சில வீடுகளில் கண்டிருக்கின்றேன். இது பேராபத்து. தானே அணைவதற்கென அமைந்த காவலை நாமே கட்டிப் போடுகின்றோம். தாளிப்பதற்கு வாணலி இருக்கின்றது.

சோற்றை வெளியில் ஆறவிட்டு மணிக்கணக்கில் வைத்திருப்பதும் தவறு. அரிசியில் இருக்கின்ற பசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்பொழுது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மீண்டும் சூடாக்கினாலும் வாந்தி உண்டாக்கும் நஞ்சு அழியாது. விடியற்காலை ஆக்கிய சோற்றைப் பள்ளி விட்டு வரும் பிள்ளை பகல் ஒன்றரை மணிக்கு உண்ண வேண்டுமானால், பானையைச் சூடு காக்கும் நிலையிலேயே விட்டுச் செல்லுங்கள். அந்நிலையில் சூடு 60 பாகைக்கு மேல் இருத்தல் வேண்டும். தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கின்றது என்றால் பானை பழுதாகியுள்ளது என்று பொருள். மின்கட்டணத்திற்கு அஞ்சுவோருக்கு ஒரு கணக்கு: 500 வாட் பானை அரைமணி நேரம் எரிந்தால் கால் யூனிட்தான் செலவாகும். ஒருமுறை பிள்ளையை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்ல ஒரு நாள் சம்பளத்தை இழப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றொரு பழக்கத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். பள்ளிக்குப் புறப்படுமுன் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் ஒரு பெரிய குவளை, அதில் நனைத்த பிஸ்கட் இரண்டு. இதை உட்கொண்ட பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? அந்தக் குவளையில் சீனியே மிகுதி. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் சுழற்கழகத்தார் முன்னிலையில், சீனி கலந்த கெட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டுவதைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். அவர் பேசியது கைக்குழந்தைகளைப் பற்றி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நஞ்சென்று நான் கூறவில்லை. ஆனால், பசியைக் கொல்கின்றது என்பதை என் வகுப்பறை எனக்குக் காட்டியிருக்கின்றது. பிள்ளைக்குச் சமையல் பிடிக்கவில்லையா, பசியே இல்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

மேலும், எல்லா மறுப்பும் பிடிவாதம் ஆகாது. புதிய உணவைக் கண்டு தயங்குவது இரண்டு வயது முதல் ஆறு வயது வரை இயல்பே. கசப்பை மிகக் கூர்மையாக உணரும் நாக்கு சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகின்றது. ஆனால், ஒரு பிள்ளை எடை குறைந்துகொண்டே வந்தாலோ, விழுங்கும்பொழுது அடிக்கடி புரையேறினாலோ, நான்கைந்து பொருள்களைத் தவிர வேறெதையும் மாதக்கணக்கில் தொடாமல், புதியதைக் கண்டாலே நடுங்கி அழுதாலோ, அதற்குச் சமையற்குறிப்பு தீர்வாகாது. அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தற்சிந்தனை நிலைக் குறைபாடுடைய பிள்ளைகள் சிலருக்கு உணவின் மென்மையும் கரகரப்புமே பெரும் துன்பம் தருகின்றன. அப்பிள்ளையின் தாயைப் பார்த்து, "நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று அண்டை வீட்டார் கூறுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

இப்பொழுது தந்தையரிடம் ஒரு சொல். மின்சாரப் பானையில் அரிசியைக் கழுவிப் போட்டுக் கோடு வரை நீர் ஊற்றிப் பொத்தானை அழுத்த ஐந்து நிமிடம் ஆகும். அதை ஆண்களும் செய்யலாம். அந்தப் பானை உண்மையில் நமக்குக் கொடுப்பது சோறு அன்று; அரைமணி நேரம். என் தாயார் விறகடுப்பின் முன் குந்தியிருந்த அந்த அரைமணி நேரத்தை அது நமக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கின்றது. அதை நாம் எங்கே செலவிடுகின்றோம்? பிடிவாதம் செய்யும் பிள்ளைக்கு இரண்டாவதாக ஒரு சமையல் செய்வதிலும், கைப்பேசியிலும், தொலைக்காட்சித் தொடரிலும் செலவிடுகின்றோம். பிள்ளையின் அருகில் தட்டோடு அமர்ந்து, அதே கீரையை நாமும் உண்பதில் செலவிட்டால் என்ன? தந்தை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு மகனை மட்டும் உண்ணச் சொல்லும் வீடுகள் எத்தனை!

மாணவச் செல்வங்களே, நீங்கள் வெறுமனே உண்பவர்களாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. பானையோடு வருகின்ற குவளை 180 மில்லிலிட்டர் கொள்ளும். இரண்டரைக் குவளை அரிசி என்றால் எத்தனை மில்லிலிட்டர் என்று உங்கள் தாயாருக்குக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். அரிசியை நீங்களே அளந்து கழுவுங்கள். கீரையை நீங்களே உருவுங்கள். நான்காம் ஆண்டு வகுப்பில் நான் பின்னப் பாடத்தை இக்குவளையைக் கொண்டே நடத்தியதுண்டு. அன்று வகுப்பில் ஆக்கிய பருப்புச் சோற்றை, வீட்டில் பருப்பையே தொடாத மூன்று பிள்ளைகள் கேட்டு வாங்கி உண்டார்கள். அவர்கள் அளந்த பருப்பு அது. சூடான பானையின் மூடியைத் திறப்பதை மட்டும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆவி முகத்திலடித்தால் கடுமையாகச் சுட்டுவிடும்.

அந்த விலையுயர்ந்த இயந்திரத்தை வாங்கிய தாயைச் சென்ற மாதம் சந்தித்தேன். தவணை இன்னும் எட்டு மாதம் உள்ளதாம். இயந்திரத்தில் தோசை மாவு அரைக்கின்றார். நன்றாக அரைகின்றது என்றார். மகனுக்கென்று இப்பொழுது தனியே எதுவும் செய்வதில்லை. முதல் வாரம் அழுதான், இரண்டு நாள் இரவில் வெறும் சோறும் முட்டையும் மட்டுமே உண்டான், இவருக்கும் அழுகை வந்தது என்றார். பின்னர் ஆவித்தட்டில் வைத்த சோளத்தை அவனாகவே எடுத்துக்கொண்டானாம். காரட்டை இன்னும் உண்ணவில்லை. ஆனால் நாள்தோறும் அவன்தான் அதை எண்ணித் தட்டில் வைக்கின்றான்: தாய்க்கு நான்கு, தந்தைக்கு நான்கு, தனக்கு ஒன்று.

என் பேரனுக்கு ஐந்து வயது. பாகற்காயைக் கண்டால் தந்தையைப் போலவே முகம் கோணும். அதற்காக நான் பிரம்பை எடுப்பதில்லை. வீட்டில் பிரம்பே இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை, பொத்தான் 'டக்' என்றதும் ஓடி வந்து, "பாட்டி, அரிசி தண்ணியெல்லாம் குடிச்சிடுச்சு!" என்று கூவினான். மூடியைத் திறந்தேன். ஆவித்தட்டில் பயாம் கீரை ஒரு கட்டு வெந்திருந்தது. அவனுடைய தந்தை அருகில் நின்றுகொண்டிருந்தார். பேரன் ஒரு தண்டை எடுத்து ஊதி, அதைத் தன் வாயருகே கொண்டு போகாமல் தன் தந்தையின் வாயருகே நீட்டினான். என் மகன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.